இரண்டாம் பதிப்பில் கயிறு இருக்காது

கண்ணு,

நீ கூரியரில் அனுப்பிய தாள் வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். ‘இந்நாவலில் வரும் நிலமும் மனிதர்களும் நிகழ்வுகளும் முழுக்க முழுக்க என் கற்பனையே. எவர் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.’ இவ்வளவு நல்ல தமிழ் உனக்கு எழுத வரும் என்று எனக்குத் தெரியாது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க இங்கிலீஷ் பேசுகிறவனுக்கு இது எங்கிருந்து வந்ததோ. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி வேறு போட்டிருக்கிறாய். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அந்தக் குறியைப் போட்டு ‘இங்கதாங்க கையெழுத்து’ என்று காட்டிப் பிழைத்தவள் நான். எனக்கே இடம் காட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய், சந்தோஷம். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் நீண்டு போகும், நீ எதையும் பாதியில் மூடி வைத்துவிடுகிற ஆள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. “யம்மா, அடுத்த மாசம் கல்யாணத்த வெச்சிக்கினு இப்ப இன்னாம்மா இது? பொண்ணோட அப்பா பெரிய வூட்லேருந்து வந்த வக்கீல் நோட்டீஸப் பத்திக் கேக்கறாரு. அந்தப் பெரியவரு செத்து இருவது வருசத்துக்கு மேல ஆவுது. ஒரே ஒரு கையெழுத்து, ஜல்தியா போட்டு அனுப்பு, பேஜாரு வுட்டுது” என்றாய். பிறகு குரலை இறக்கி, “நல்ல மனுசன்மா அவுரு. எனக்கே ஞாபகம் கீது, வேட்டி மடிப்புலேருந்து வறுத்த மல்லாட்டை எடுத்துக் குடுப்பாரு. நம்ம வேதத்துல இன்னா சொல்லிக் கீது? மன்னிச்சிடும்மா” என்றாய். சர்ச்சுக்கு வருஷத்தில் ஒரு நாள், அதுவும் கேக் கொடுக்கிற நாளில் போகிறவன் எனக்கு வேதம் சொல்கிறாய். மன்னிப்பு என்றால் யாராவது வந்து கேட்க வேண்டும், கண்ணு. கேட்காதவர்களுக்கு அதைப் பார்சல் கட்டி அனுப்ப என்னால் முடியாது.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியை நான் இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அது என் தப்பு. முழுக்கத் தெரிந்திருந்தால் நீ இந்தத் தாளை அனுப்பியிருக்க மாட்டாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். நம் ஊர் திண்டிவனத்துக்கு மேற்கே. வெள்ளைக்காரன் காலத்தில், நிலமே இல்லாமல் கூலிக்குக் கிடந்த நம் சனங்களுக்கென்று சர்க்கார் ஒதுக்கிக் கொடுத்ததே பஞ்சமி நிலம், அதில் ஒரு துண்டு உன் கொள்ளுத் தாத்தாவுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் கைக்கு அது போகக் கூடாது என்பது கொடுக்கும்போதே போட்ட நிபந்தனை. விழுப்புரம் பக்கத்தில் இந்த வரலாற்றை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, யார் கையில் இப்போது அந்த நிலங்கள் இருக்கின்றன என்பதும் எல்லோருக்கும் தெரியும். உன் தாத்தா, அதாவது என் அப்பா, அதில் கேப்பையும், நிலக்கடலை என்பார்களே, அந்த மல்லாட்டையும் போட்டார். எனக்கு எட்டு வயதாகும்வரை அது எங்கள் நிலம்.

அந்த வருஷம் பெரிய வீட்டுக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, “எனக்கு ஒரு பத்திரம் ஆவுதுடா, சாட்சிக்கு ஒரு கைநாட்டு வெச்சிட்டு வா” என்று வண்டி கட்டிப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அப்பா போனார், கட்டை விரலில் மை தடவிக்கொண்டு, வைக்கச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டு, ஓட்டலில் அவர் வாங்கிக் கொடுத்த பூரியைத் தின்றுவிட்டு வந்தார். பூரியைப் பற்றி ஒரு வாரம் பேசினார். ஆறு மாதம் கழித்துப் பெரியவர் வீட்டு வாசலுக்கே வந்தார். சர்க்கார் பஞ்சமி நிலத்தையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டது, தான் ஆள் வைத்துப் பேசி அதைத் தன் பொறுப்பில் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். “நீ ஒண்ணும் பயப்படாத, நீயே உழுதுக்கினு இரு, நான் கீறேன்” என்றார். அப்பா அவர் காலில் விழுந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் தன் சொந்த நிலத்தில் கூலிக்கு உழுதார், அதுவும் நன்றியோடு.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். ஒவ்வொரு ஜூன் மாதமும் எனக்கு நோட்டுப் புத்தகம் அவர் வீட்டிலிருந்து வரும், அட்டை போட்டு, லேபிள் ஒட்டி. பத்தாவது முடித்ததும், “பொண்ண டைப்ரைட்டிங் அனுப்புடா, நல்லா வரும்” என்று அப்பாவிடம் சொல்லி, திண்டிவனத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். தெருவில் போனால் நின்று பேசுவார். யாரையும் ஒரு வார்த்தை உரக்கச் சொல்ல மாட்டார். அவர் செத்தபோது உனக்கு ஏழு வயது. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய், அந்த வீட்டு வாசலில் மற்ற பெண்களைவிட அதிகமாக அழுதவள் நான். நீயும் என்னைப் பார்த்து அழுதாய். அந்த அழுகையை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அதற்குள் நான் சொந்தமாக உரிமம் வாங்கி, பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையை ஒட்டி மேஜை போட்டிருந்தேன். யாரோ ஒருவருக்கு நம் ஊர் நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கப் போய், கூடவே வந்த பழைய பத்திர நகல் ஒன்றைப் புரட்டினேன். பத்திரத்தில் ஒரு நிலத்தை அடையாளம் சொல்கிற முறை உனக்குத் தெரியும், சின்ன வயதில் என் மேஜைக்கடியில் உட்கார்ந்து நீயே பாட்டு மாதிரி சொல்லுவாய். ‘ஓடைக்கும் மேற்கு, மாந்தோப்புக்கும் கிழக்கு, சுடுகாட்டு வண்டிப்பாட்டைக்கும் தெற்கு, இரட்டைப் பனை வரப்புக்கும் வடக்கு, இதன் மத்தியில் உள்ள நிலம்.’ படித்த மாத்திரத்தில் எனக்கு அந்த வரப்பும் அதன் மேல் நான் உட்கார்ந்து கூழ் குடித்ததும் தெரிந்தது. எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்தில் அப்பாவின் கட்டைவிரல். எழுதி வாங்குபவர் பெரியவர். பஞ்சமி என்ற வார்த்தை பத்திரத்தில் எங்குமே இல்லை. கடைசியில், ‘வாசிக்கக் கேட்டு முழு மனதுடன் சம்மதித்து’ என்ற வழக்கமான வரி மட்டும் ஒழுங்காக இருந்தது.

நான் அன்று சாயங்காலமே நகலோடு ஊருக்குப் போனேன். அப்பா அப்போது உயிரோடு இருந்தார், கண் மங்கியிருந்தது, காது நன்றாகக் கேட்கும். வீட்டு வாசலில் உட்காரவைத்து முழுப் பத்திரத்தையும் வாசித்துக் காட்டினேன். அவர் கைநாட்டு வைத்த பத்திரத்தை முதல் முறையாக ஒருவர் அவருக்கு வாசித்துக் காட்டியது அன்றுதான்.  முடித்ததும், “நீ தப்பா படிக்கிற” என்றார். நான் மறுபடியும் வாசித்தேன். “அவுரு அப்டி பண்ணமாட்டாரும்மா. ஒனக்கு நோட்டு குடுத்தவரு. வேலைல சேத்து வுட்டவரு. எவனோ அவுரு பேர வெச்சி எழுதிக்கீறான். போ, போயி சோறு துன்னு” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவிடவில்லை. அந்தப் பத்திரத்தைப் பற்றி நான் சொன்னதற்கு முதலில் வந்த கருத்து அதுதான், கண்ணு. என் முதல் வாசகர் என்னை நம்பவில்லை. அவரும் அந்த மனுஷனுக்கு நன்றி சொல்லிக்கொண்டேதான் செத்தார். இதில் நான் யாரை மன்னிக்க வேண்டும் என்கிறாய்?

என் கையும் சுத்தம் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நான் யாருக்குப் பத்திரம் எழுதினாலும் முழுக்க வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்க மாட்டேன் என்று உன்னிடம் பெருமை பேசியிருக்கிறேன். ஒரு முறை வாங்கியிருக்கிறேன். முகையூர் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா, இரண்டு மகன்களோடு வந்திருந்தார். முகூர்த்த நாள், பத்திரம் பதிய வந்தவர்கள் தெருவரைக்கும் நின்றார்கள், நான் காலையிலிருந்து டீகூடக் குடிக்கவில்லை. “இன்னாம்மா எழுதிக் கீது?” என்று அந்த அம்மா கேட்டார். மூத்த மகன், “எல்லாம் நம்ம பேசுனதுதாம்மா” என்றான். நான் மை டப்பாவைத் தள்ளி வைத்தேன். அந்தப் பத்திரத்தில் எதுவும் தப்பு இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அதற்குப் பிறகு விசாரிக்கவே இல்லை. என் அப்பாவுக்கு எழுதியவனும் அன்று டீ குடிக்காமல் இருந்திருப்பானோ என்னவோ.

உன் அப்பா போன பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து நாவலை எழுத ஆரம்பித்தேன். பழிவாங்கத்தான் எழுதினேன். மேடையில் கேட்டவர்களுக்கு ‘நிலத்தின் கதையைச் சொல்ல விரும்பினேன்’ என்றெல்லாம் சொன்னேன், அது மேடைக்கு. வெள்ளைக்காரன் காலத்து ஆணைகளையும் மனுக்களையும் தேடிப் பிடித்து, அந்தப் பகுதியை ஒரு எழுத்து பிசகாமல் எழுதினேன். பத்திரம் எழுதின கைக்கு அது சிரமமே இல்லை. பெரியவருக்கு தனகோடி என்று பெயர் வைத்தேன். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. நோட்டு கொடுத்த, தலை தடவின ஒரு மனுஷன் நிலத்தைத் திருடினான் என்று எழுதினால் என் அப்பாவே நம்பவில்லையே, முன்பின் தெரியாத வாசகர்கள் எப்படி நம்புவார்கள்? அதனால் தனகோடியின் நோட்டுப் புத்தகங்களைப் பிடுங்கிக்கொண்டு அவன் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தேன். ஈரத் தாம்புக் கயிறு. நிலத்தைக் கேட்டு வந்த பெண்ணை அவன் கிணற்றடியில் வைத்து ஊர் பார்க்க அடிக்கிறான். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. எழுதும்போது எனக்குச் சுகமாக இருந்தது.

புத்தகம் வந்ததும் வாசகர்கள் எல்லோரும் அந்தக் கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டார்கள். விழுப்புரத்தில் நடந்த விமர்சனக் கூட்டத்துக்கு நீயும் வந்திருந்தாய், பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கல்லூரியில் தமிழ் சொல்லித் தருகிற ஒருவர், நாவலில் ஆணைகளும் மனுக்களும் வருகிற பகுதி ‘கொஞ்சம் புனைவு போலப் படுகிறது’ என்றும், கிணற்றடிக் காட்சியில்தான் ‘உண்மையின் வெப்பம்’ இருக்கிறது என்றும் பேசினார். நிஜத்தைப் பொய் என்றார், பொய்யை நிஜம் என்றார், நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தக் காட்சியையே வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் எனக்கு இனித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மறுநாள் பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு மீன்காரம்மா போன் செய்தார், மகள் படித்துக் காட்டினாளாம். “யம்மா, அந்தப் பொம்பள பொழச்சிக்கினாளா? இப்ப எங்க கீறா? நான் போயிப் பாக்கணும்” என்று அழுதார். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். இல்லாத ஒருத்தியின் உடம்பைப் பற்றி நலம் சொல்லி போனை வைத்தேன்.

வேறு மாதிரி வாசகர் ஒருவரும் வந்தார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாவலின் நடுவில் தனகோடி எழுதி வாங்கிய பத்திரத்தை அப்படியே கொடுத்திருந்தேன் அல்லவா, அதில் ஆட்களின் பெயர், ஊர் பெயர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, ஓடை, மாந்தோப்பு என்று வரும் நான்கெல்லையை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தேன். அந்த மனுஷர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடி, கடைசியில் நம் ஊருக்கே போய் நின்றுவிட்டார். அங்கிருந்தே எனக்கு போன். “ஏம்மா, ரெட்டைப் பனையில ஒண்ணுதான் கீது, மத்ததெல்லாம் நீங்க எழுதினபடியே கீதும்மா” என்றார். அவர் நின்றுகொண்டிருந்ததை ஊர் பார்த்தது, விசாரித்தது, புத்தகம் ஊருக்குள் போனது, தனகோடி யார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. பத்திரம் எழுதின பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது என்று உன்னிடமும் பதிப்பாளரிடமும் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். கண்ணு, என் கை எதையும் தானாக எழுதாது. யாராவது ஒருத்தர் அந்த நிலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் விட்டுவைத்தேன்.

பெரியவரின் பேரன் வீட்டுக்கு வந்ததை உன்னிடம் சுருக்கமாகத்தான் சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அனுமதி கேட்டுத்தான் உள்ளே வந்தான். தாத்தாவின் அதே மெதுவான குரல். கையில் புத்தகம், பக்கங்களில் மஞ்சள் காகிதம் ஒட்டி வைத்திருந்தான். “அக்கா, எங்க தாத்தா யார் மேலயும் கை வெச்சது கெடையாதுங்க. நீங்க அவுரு குடுத்த நோட்டுல படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க, அவுரு அடிச்சாரா?” என்று கேட்டான்.  கிணற்றடிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தான். “இது பொய்தானேங்க?” என்றான். ஆமாம் என்றேன். அவன் முகத்தில் வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். “இது பொய்யின்னா அப்ப எல்லாமே பொய்தானேங்க ஆவும்? கதைன்னு ஒரு வரி போட்டுடுங்க, நாங்க நோட்டீஸ வாபஸ் வாங்கிக்கிறோம்” என்று கும்பிட்டுவிட்டுப் போனான். நிலத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய தேவையை நான்தான் இல்லாமல் செய்துவிட்டிருந்தேன்.

அவன் போன பிறகு என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. இத்தனை வருஷம் காத்திருந்து, பழிவாங்குகிறேன் என்று கிளம்பி, எதிராளி தப்பிப்பதற்கு நானே கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒரு பத்திரத்தில் ஒரு எல்லையைத் தப்பாக எழுதினால் மொத்தப் பத்திரமும் கோர்ட்டில் நிற்காது என்று தொழிலுக்கு வந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். அந்த அறிவு நாவல் எழுதும்போது எங்கே போயிற்று? கைதட்டலுக்கு ஆசைப்பட்டேன், அதுதான் விஷயம். நம் தெருவிலேயே, “ஏம்மா, செத்தவர போயி அடிச்சாரு புடிச்சாருன்னு எழுதிக் கீறியே” என்று கேட்டார்கள். நம் சனங்களே கேட்டார்கள். அவர்களும் அவர் கையால் ஏதோ ஒன்று வாங்கியவர்கள்தான். நீயும் மல்லாட்டை வாங்கியவன்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் எனக்கு போன் செய்தது உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை, நான்தான் சொல்லவில்லை. நாவலை முழுக்கப் படித்திருக்கிறாள், உன்னைப் போலப் பின்னட்டையோடு நிறுத்தவில்லை. “அத்தை, ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?” என்று ஆரம்பித்தாள். நோட்டீஸைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று நான் விறைப்பாக உட்கார்ந்தேன். “அந்த தனகோடிக்கு ஒரு நல்ல குணம்கூடவா இல்லீங்க? அப்டி அடிக்கிறவன் வண்டி கட்டிக் கூப்புட்டா, அந்த நெலத்துக்காரரு எப்டிங்க நம்பி ஏறிப் போனாரு?” என்றாள்.  விமர்சனக் கூட்டத்தில் அத்தனை படித்தவர்கள் இருந்தார்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அவள் கேள்வியிலேயே என் அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டுதான் ஏறினார். பெரியவரை நம்பித்தான் ஏறினார்.

அன்றிலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பதிப்பில் கயிறு இருக்காது. அந்தப் பெண் கிணற்றடிக்கு வர மாட்டாள், அடி வாங்க மாட்டாள். தனகோடிக்கு அவனுடைய நோட்டுப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஒவ்வொரு ஜூனுக்கும் ஒரு கட்டு, அட்டையும் லேபிளும் உட்பட. மெதுவான குரலைக் கொடுத்துவிட்டேன். பூரி வாங்கிக் கொடுத்ததை, வேலையில் சேர்த்துவிட்டதை, உன் கையில் மல்லாட்டை வைத்ததைக்கூட எழுதிவிட்டேன். கைநாட்டு வைக்கிற இடத்தில், பக்கத்தில் நின்று, தன் துண்டால் என் அப்பாவின் கட்டைவிரல் மையைத் துடைத்துவிடுகிறான். அதுவும் நிஜம், அப்பாவே எனக்குச் சொன்னது, பெருமையாகச் சொன்னது. இனிமேல் அந்தப் பேரன் என் முன்னால் எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து இது பொய்தானே என்று கேட்பான்? அவன் தாத்தாவைப் பற்றி அந்தக் குடும்பம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஒவ்வொன்றும் அதில் இருக்கும். அவர்களே தலையாட்டிக்கொண்டு படிப்பார்கள். படித்துக்கொண்டே நிலத்துக்கு வருவார்கள். முதல் பதிப்பில் நான் கோபமாகப் பழிவாங்கினேன். இப்போது நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் செய்கிறேன். இதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை மறைக்க மாட்டேன்.

கல்யாணம் ஆகப் போகிற மகனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உனக்கு யாராவது அன்பாக ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள், நன்றி சொல், ஆனால் அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளாதே. உன் மாமனாரிடம் ‘என் அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார்’ என்று சொல்லியிருப்பாய், அதை நீயே போய் இல்லையென்று சொல். கோர்ட்டு என்றால் பயப்படுகிற மனுஷர், பாவம், மெதுவாகச் சொல். உன் பெண்டாட்டி கேள்வி கேட்டால் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுப் பதில் சொல், அவள் உன்னைவிட நன்றாகப் படிக்கிறாள். நான் கல்யாணத்துக்கு வருவேன். பட்டுப் புடவையில், முன்வரிசையில்தான் உட்காருவேன். அந்த வீட்டுப் பேரனுக்கும் என் கையால் பத்திரிகை எழுதி அனுப்பியிருக்கிறேன், வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

பதிப்பாளர் நேற்று கேட்டார், முதல் பக்கத்தில் ‘யாவும் கற்பனை’ என்று போடுவதற்கு உங்கள் மகன் ஏதோ எழுதி அனுப்பியிருக்கிறாராமே, அதை அனுப்புங்கள் என்று. அந்தப் பக்கத்துக்கு நான் இந்தக் கடிதத்தையே கொடுக்கப் போகிறேன். உன் கைக்கு இது வந்து சேரும்போது அச்சுக்குப் போயிருக்கும், கல்யாணத்துக்கு முன்னால் புத்தகமாக வந்துவிடும். உன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை, நீ பார். மகன் என்றும் கண்ணு என்றும்தான் எழுதியிருக்கிறேன், திண்டிவனத்தில் கண்ணு என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். ஆனாலும் மண்டபத்தில் யாராவது ஒருத்தர் உன்னிடம் வந்து, “அந்தப் புத்தகம் எழுதுன அம்மாவோட புள்ள நீதானாப்பா?” என்று கேட்கத்தான் போகிறார். உன் மாமனார் பக்கத்தில் நிற்பார். அப்போது நீ சொல்ல வேண்டிய பதிலை நான் எழுதித் தர மாட்டேன்.

உன் அம்மா